‘மாமா’ என்று எங்கே சொல்வது

முதல் வாசிப்பு முடிந்த இரவு, வீட்டுக்கு வந்ததும் பிரதியை எடுத்து வைத்துக்கொண்டு ‘மாமா’ என்ற சொல் எத்தனை இடத்தில் வருகிறது என்று எண்ணிப் பார்த்தேன். 14 இடம். பதினாலையும் நான்தான் சேர்த்திருந்தேன்.

அது 2012 ஜூன். திருச்சியில் பொன்மலைப் பக்கம் ஒரு டியூஷன் சென்டரின் கூடத்தில், பிள்ளைகள் வீட்டுக்குப் போன பிறகு பாய் விரித்து உட்கார்ந்து, சோபாக்ளிஸின் ‘ஆன்டிகனி’யை உரக்கப் படித்திருந்தோம். இரண்டு ஆங்கில மொழிபெயர்ப்புகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கோடை விடுமுறை முழுவதும் நான் தமிழில் எழுதிய பிரதி. நான் பள்ளிக்கூடத்தில் தமிழாசிரியை. எங்கள் குழுவில் நாடகத்தால் பிழைக்கிறவர் யாரும் கிடையாது. ரயில்வே பணிமனையில் ஃபிட்டர் ஒருவர், பஸ் கண்டக்டர் ஒருவர், ஒரு நர்ஸ், ஒரு டெய்லர், ஓய்வு பெற்ற தலைமையாசிரியர், கல்லூரியில் படிக்கும் இரண்டு பெண்கள், இரண்டு பையன்கள். என்னோடு சேர்த்தால் பத்துப் பேர். பாடம் கொடுத்த நாளிலிருந்து ஒருவரையொருவர் பாத்திரத்தின் பெயரால் கூப்பிட்டுக்கொள்வது எங்கள் பழக்கம். இங்கேயும் அப்படியே எழுதுகிறேன். ஃபிட்டர்தான் கிரேயோன். அந்த இரண்டு பெண்கள் ஆன்டிகனி, இஸ்மினி.

கதை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தீப்ஸ் நகரத்து அரசனாக இருந்த ஈடிபஸின் இரண்டு மகன்களும் ஆட்சிக்காக மோதி, ஒருவன் கையால் மற்றவன் என்று ஒரே நாளில் சாகிறார்கள். அரியணை அவர்களுடைய தாய் யோகாஸ்டாவின் சகோதரன் கிரேயோனுக்கு வருகிறது. ஊரைக் காத்து நின்றவனுக்கு முழு மரியாதையோடு அடக்கம். வெளியிலிருந்து படை கொண்டுவந்த பாலினைசிஸின் உடலை யாரும் தொடக் கூடாது, நாய்க்கும் பறவைக்கும் கிடக்கட்டும், மீறினால் மரணம் என்று அவன் ஆணை போடுகிறான். ஆன்டிகனி போய் அந்த உடல்மேல் மண் தூவுகிறாள். பிடிபடுகிறாள். அவளை உயிரோடு பாறைக் குகையில் வைத்து அடைக்கச் சொல்கிறான். பின்பு அவன் மனம் மாறி ஓடும்போது நேரம் கடந்துவிடுகிறது. அவள் தூக்கில் தொங்குகிறாள். அவளுக்கு நிச்சயித்திருந்த அவன் மகன் ஹேமோன் தன் வாளால் குத்திக்கொள்கிறான். செய்தி கேட்ட மனைவி யூரிடிசியும் உயிரை விடுகிறாள். கி.மு. 441 வாக்கில் ஏதென்ஸில் மேடையேறிய நாடகம் என்பார்கள். மொத்தம் 1353 வரி.

தமிழில் எழுத உட்கார்ந்த முதல் வாரமே உறவுச் சொல்லில் இடறினேன். நம் பேச்சில் அண்ணன் உண்டு, தம்பி உண்டு. இரண்டுக்கும் பொதுவான ஒரு சொல்லை வீட்டில் யாரும் சொல்வதில்லை. மூலத்தில் ஆன்டிகனி பெரியவளா இஸ்மினி பெரியவளா என்று திட்டமாகச் சொல்லப்படவில்லை. தமிழில் முதல் வரியிலேயே அதை முடிவு செய்தாக வேண்டும். இஸ்மினியை அக்காவாக வைத்து எழுதியிருந்தேன். பயந்து தடுக்கிறவள் மூத்தவள், துணிகிறவள் இளையவள் என்பது எனக்குப் பிடித்திருந்தது. முதல் வாசிப்பிலேயே டெய்லர் கையை உயர்த்தினார். “டீச்சர், அக்கா கல்யாணமாகாம இருக்கையில தங்கச்சிக்கு எப்படி நிச்சயம் பண்ணுவாங்க? ஜனங்க இதைத்தான் கேப்பாங்க.” எனக்குப் பதில் இல்லை. அன்றே ஆன்டிகனி அக்கா ஆனாள். நான் விடுமுறை முழுவதும் யோசித்ததை அவர் ஒரு கேள்வியில் சரிசெய்தார்.

பெயர்களை மாற்றலாமா என்றும் பேசினோம். பயில்முறை நாடகக்காரர்களுக்குப் பம்மல் சம்பந்த முதலியார்தான் மூத்தவர். அவர் வக்கீல், பிறகு நீதிபதியாகவும் இருந்தவர். அவர் தொடங்கிய சுகுண விலாச சபை 1891-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட் அவர் கையில் அமலாதித்யன் ஆனது, மேக்பெத் மகபதி ஆனது. பின்னாளில் மு. ராமசாமி இதே ஆன்டிகனியைத் ‘துர்க்கிர அவலம்’ என்று நம் மண்ணுக்கு மாற்றிக் கொண்டுவந்தார். தலைமையாசிரியர் அந்த வழியையே விரும்பினார். நான் பெயர்களைக் கிரேக்கமாகவே விட்டேன். தமிழ்ப் பெயர் வைத்தால் பார்க்கிறவர்கள் இது எந்த அரசன், எந்த நூற்றாண்டு என்று தேடத் தொடங்குவார்கள். ஊர் தீப்ஸாகவே இருக்கட்டும், உறவு மட்டும் தமிழில் இருக்கட்டும் என்று நினைத்தேன். உறவைத் தமிழில் சொன்னால் என்ன நடக்கும் என்பது எனக்கு அப்போது முழுவதும் புரிந்திருக்கவில்லை.

ஆங்கிலத்தில் ‘அங்கிள்’ என்ற ஒரு சொல்லுக்குள் அடங்கிப்போகிற உறவு அது. தமிழில் கிரேயோன் தாய்மாமன். ஹேமோன் மாமன் மகன், முறைப்பையன். குழந்தைக்கு முதல் மொட்டையும் காது குத்தும் யார் மடியில் நடக்கும்? பெண் பெரியவளானால் யார் சீர் கொண்டுவருவார்? அந்த மடிதான் இந்த நாடகத்தில் இவளைக் குகைக்குள் அடைக்கச் சொல்கிறது. நமக்கு ‘முறை’ என்றால் உறவு. அதே சொல்லுக்கு நீதி என்றும் ஒழுங்கு என்றும் பொருள். அரசன் முறை செய்வான், மாமனும் முறை செய்வான். கிரேயோனிடம் இரண்டு முறையும் ஒரே நாளில் வந்து நிற்கின்றன.

இன்னும் ஒரு சிக்கல் இருக்கிறது. ஈடிபஸ் தன் தாயையே அறியாமல் மணந்தவன். அப்படிப் பார்த்தால் கிரேயோன் ஈடிபஸுக்கும் தாய்மாமன். யாரை எப்படி அழைப்பது என்பதே குலைந்துபோன வீடு அது. அந்த வீட்டில் ஒரு பெண்ணுக்குச் சந்தேகமில்லாமல் மிஞ்சிய ஒரே உறவு கூடப்பிறந்தவன். சாகப் போகும்போது அவள் ஒரு நியாயம் சொல்கிறாள். கணவன் போனால் இன்னொருவன் கிடைக்கலாம், பிள்ளை போனாலும் வேறொன்று பிறக்கலாம், தாய் தகப்பன் போன பிறகு உடன்பிறப்பு மட்டும் திரும்பக் கிடைக்காது என்கிற பொருள்படப் பேசுகிறாள். அந்தப் பகுதி பிற்காலத்து இடைச்செருகல் என்று யாராவது நிரூபித்தால் நன்றாக இருக்கும் என்று கெதே விரும்பினார். அரிஸ்டாட்டில் தன் பேச்சுக்கலை நூலில் அதை எடுத்துக்காட்டியிருப்பதால், பழங்காலத்திலேயே அது நாடகத்தில் இருந்திருக்கிறது. நானும் வெட்டிவிட நினைத்திருந்தேன். எங்கள் ஆன்டிகனி விடவில்லை. “இதை எடுத்துட்டா நான் எதுக்கு சாகுறேன் டீச்சர்? சாமிக்காகன்னு சொல்லி முடிச்சிடலாம். அண்ணனுக்காகன்னு எப்ப சொல்றது?” பகுதியை அப்படியே வைத்துக்கொண்டோம். இன்றைக்கும் அவள் சொன்னதுதான் சரி என்று நினைக்கிறேன்.

பதினாலு ‘மாமா’வோடு மூன்று வாரம் ஒத்திகை பார்த்தோம். ஒவ்வொரு முறையும் அரசன் காணாமல் போனான். காவலாளி ஆன்டிகனியைப் பிடித்துக்கொண்டு வந்து நிறுத்தும் காட்சி, கல்யாண வீட்டில் சாப்பாட்டுப் பந்தி முடிந்த பிறகு வெடிக்கும் சண்டைபோல இருந்தது. கிரேயோனும் அதற்கேற்பக் குரலை உயர்த்தினார். அவள் அழுதாள். நர்ஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எல்லாருக்கும் திருப்தி. எனக்கு மட்டும் வயிற்றில் கல் விழுந்த மாதிரி இருந்தது. இந்த அழுகைக்கு ஒரு நாட்டின் ஆணை வேண்டாம். பாகப்பிரிவினைச் சண்டையிலேயே இது வந்துவிடும்.

ஒரு சனிக்கிழமை சிவப்பு மை பேனாவை எடுத்துப் பதினாலையும் அடித்தேன். அடுத்த நாள் ஒத்திகையில் தாய்மாமன் காணாமல் போனார். மேடையில் ஒரு அதிகாரியும் ஒரு குற்றவாளியும் நின்றார்கள். சட்டம் சரி, மனசாட்சி சரி என்று இருவரும் மாறி மாறிப் பேச, பட்டிமன்றம் கேட்பதுபோல இருந்தது.

இதற்கு விடை கோரஸிடமிருந்து வந்தது. அதனால் கோரஸைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

சோபாக்ளிஸ் காலத்தில் கோரஸுக்கு 15 பேர். ஆனால் பேசி நடிக்கிறவர்கள் மூன்றே பேர்தான். முகமூடியை மாற்றி மாற்றி அத்தனை பாத்திரங்களையும் அவர்களே தாங்கினார்கள். எங்களுக்குக் கோரஸ் ஐந்து பேர்: கண்டக்டர், நர்ஸ், டெய்லர், தலைமையாசிரியர், ஒரு பையன். டெய்லர் இடையில் போய்க் காவலாளியாக வருவார். தலைமையாசிரியர் குருட்டுத் தீர்க்கதரிசி டைரீசியஸாக வருவார். நர்ஸ் யூரிடிசி. பையன் கடைசியில் செய்தி சொல்ல வருகிறவன். கண்டக்டர் மட்டும் ஆரம்பம் முதல் முடிவுவரை கோரஸிலேயே இருப்பவர்.

கோரஸ் என்றால் தீப்ஸ் நகரத்துப் பெரியவர்கள். முதல் மாதம் அவர்களைச் சேர்ந்து பேச வைத்தேன். காலைப் பிரார்த்தனைக் கூட்டம்போல ஒலித்தது. வரிகளைப் பிரித்துக் கொடுத்தேன். நர்ஸுக்கு இரவுப் பணி, கண்டக்டருக்கு ஷிஃப்ட், டெய்லருக்கு ஆடி முடிந்தால் முகூர்த்த வேலை. ஐந்து பேரும் சேர்ந்து வந்த நாள் விரல்விட்டு எண்ணக்கூடியது. யாராவது ஒருவர் வரி அந்தரத்தில் நிற்கும். கடைசியில் கோரஸ் முழுவதையும் ஐந்து பேருமே மனப்பாடம் செய்வது என்று முடிவெடுத்தோம். வந்தவர்கள் வராதவர்களுக்கும் சேர்த்துப் பேச வேண்டும். யார் தொடங்குவது என்று முன்கூட்டி முடிவு கிடையாது. மற்றவர் மூச்சு இழுப்பதைக் கேட்டு, அவர் தொடங்கவில்லை என்றால் நாம் தொடங்க வேண்டும்.

இது சொல்ல எளிது. வெளிச்சத்தில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு முந்தினார்கள், முட்டிக்கொண்டார்கள். செப்டம்பர் வாக்கில் மின்வெட்டு கடுமையானது. அந்த வருஷம் சென்னைக்கு வெளியே இருந்தவர்களுக்கு நினைவிருக்கும். பாதி நாளுக்கு மேல் கரண்ட் இல்லாத நாட்கள் உண்டு. எங்கள் ஒத்திகை இரவு ஏழு முதல் ஒன்பதரை வரை. மெழுகுவத்தி வைத்துப் பார்த்தோம், பாயில் மெழுகு சொட்டியது. அதையும் அணைத்துவிட்டு இருட்டிலேயே உட்கார்ந்து கோரஸைச் சொல்லத் தொடங்கினார்கள். மூன்றாம் நாளோ நான்காம் நாளோ முட்டல் நின்றது. ஒருவர் மூச்சு இழுப்பது மற்ற நால்வருக்கும் கேட்டது. ஒரு வரி ஒருவரிடமிருந்து கிளம்பி, பாதியில் இன்னொருவர் குரலில் போய், மூன்றாமவரிடம் முடிந்தது. எந்த வரி யாருடையது என்று எனக்கே தெரியவில்லை. முகமூடிக்குள் இருந்து பேசிய அந்தக் காலத்து நடிகர்களுக்கும் குரலும் காதும்தானே துணை என்று அப்போது தோன்றியது.

நிற்பதற்கு வழி காட்டியவர் கண்டக்டர். சும்மா நிற்கச் சொன்னால் நடிக்கத் தெரியாதவர்களுக்குக் கை எங்கே வைப்பது என்று தெரியாது. அவர் கம்பியைப் பிடிக்காமல் ஓடுகிற பஸ்ஸில் இருபது வருஷம் நின்றவர். பாதத்தைக் கொஞ்சம் அகட்டி, முழங்காலை இறுக்காமல், எந்தப் பக்கம் குலுக்கினாலும் வாங்கிக்கொள்கிற நிலை. “பிரேக் எப்ப போடுவான்னு உடம்பு கேட்டுக்கிட்டே இருக்கணும்” என்றார். கோரஸ் முழுவதையும் அப்படி நிற்க வைத்தோம். கிரேயோன் எப்போது பிரேக் போடுவான் என்று கேட்டபடி நிற்கிற பெரியவர்கள்.

தொல்காப்பியம் மெய்ப்பாட்டியலில் அச்சம் பிறக்கும் இடங்கள் நான்கு: அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை. பேய்க்கும் புலிக்கும் திருடனுக்கும் அடுத்ததாகத் தன்னை ஆளும் அரசனே பயத்துக்குக் காரணமாக நிற்கிறான். பத்தாம் வகுப்பில் எத்தனையோ தடவை நடத்தியிருக்கிறேன். அந்த நான்காவதை அந்தக் கூடத்தில்தான் கண்ணால் பார்த்தேன். இந்தப் பெரியவர்களுக்கு அந்தப் பெண் செய்தது சரி என்று உள்ளூரத் தெரியும். வாய் திறக்க மாட்டார்கள். ஊரே அவளைப் புகழ்ந்து முணுமுணுக்கிறது, உங்கள் காதுக்குத்தான் எட்டாது என்று ஹேமோன் தகப்பனிடம் சொல்லும்போது, கோரஸ் ஐந்து பேரும் தரையைப் பார்த்தார்கள். நான் சொல்லிக்கொடுத்தது கிடையாது.

இப்படிக் கேட்கத் தெரிந்த ஐந்து பேர் மேடையில் இருந்தால், ஒரு சொல்லைப் பலமுறை சொல்லத் தேவையில்லை. ஒருமுறை சொன்னால் போதும். அது அவர்கள்மேல் விழும். அதைக் கண்டதும் மீண்டும் பிரதியைப் பிரித்தேன். ஒரே ஒரு ‘மாமா’. யார் சொல்வது?

ஆன்டிகனி சொல்லக் கூடாது என்பதில் எனக்குத் தயக்கம் இருக்கவில்லை. அவள் அந்த உறவைக் கூப்பிட்டு உயிரை மீட்டுக்கொள்கிறவள் கிடையாது. ‘நீங்கள்’ என்ற மரியாதையை அவள் கடைசிவரை விடவில்லை, உறவுச் சொல்லை எடுக்கவும் இல்லை. அந்த இடைவெளியில்தான் அவள் நின்றாள். கிரேயோன் அவளை ‘நீ’ என்று கேட்கத் தொடங்கி, தீர்ப்பு நெருங்க நெருங்க ‘இவள்’ என்று கோரஸைப் பார்த்துப் பேசுவான். ஹேமோன் ‘அப்பா’ என்று பணிவோடு வந்து, சண்டை முற்றும்போது அந்தச் சொல்லைக் கைவிடுவான்.

இஸ்மினியிடம் கொடுத்தேன். அக்கா சொன்னபோது கூட வர பயந்தவள், அக்கா பிடிபட்டதும் நானும் சேர்ந்துதான் செய்தேன் என்று பொய் சொல்லி வருகிறவள். அக்கா அதையும் ஏற்கவில்லை. போக்கிடம் இல்லாமல் கிரேயோனிடம் திரும்பி, உங்கள் மகனுக்குப் பேசியவளையா கொல்லப் போகிறீர்கள் என்று கேட்கும் இடம். அந்தக் கேள்விக்கு முன்னால் தனியாக, “மாமா” என்று மட்டும். முதல் தடவை அவள் அதைச் சொன்னபோது கண்டக்டர் சட்டென்று தலையைத் திருப்பிக் கிரேயோனைப் பார்த்தார். மற்ற நால்வரும் பார்த்தார்கள். அதுவரை அரசனாக நின்றவரைச் சுற்றி ஒரு குடும்பம் முளைத்தது, அடுத்த வரியில் மறைந்தது.

ஆனால் கிரேயோனிடம் ஒன்றும் ஆகவில்லை. அவர் தொண்டை வளமான மனிதர். தீர்ப்புச் சொல்லும் பகுதியைக் கூடமே அதிரச் சொல்வார். எத்தனை சொல்லியும் குரலை இறக்க முடியவில்லை.

ஆவணியில் நான்கு நாள் விடுப்புக் கேட்டார். தங்கை மகளுக்குக் குலதெய்வக் கோயிலில் மொட்டை, காது குத்து. தாய்மாமன் இல்லாமல் நடக்காது. போய்விட்டு வந்து, முதல் ஒத்திகையில் தீர்ப்புப் பகுதிக்கு வந்ததும் நின்றுவிட்டார். வசனம் மறந்துவிட்டது என்று நினைத்து நான் எடுத்துக் கொடுத்தேன். “தெரியும் டீச்சர்” என்றார். கொஞ்ச நேரம் கழித்து, “ஆசாரி ஊசி வச்சப்ப எட்டிக் குதிக்கப் பாத்துச்சு. நான்தான் ரெண்டு கையையும் புடிச்சுக்கிட்டேன். வலிக்க வச்சவன் நான்தான். ஆனா திரும்பி என் சட்டையையேதான் புடிச்சுக்கிட்டு அழுதுச்சு” என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை.

பிறகு வசனத்தைச் சொன்னார். தன் இரண்டு உள்ளங்கைகளையும் பார்த்தபடி, பக்கத்தில் நின்ற கோரஸுக்கு மட்டும் கேட்கும் குரலில். ஊருக்குத் தீட்டு வராத அளவுக்குச் சோறு வைத்துக் குகையை அடைத்துவிடுங்கள் என்கிற அந்த ஏற்பாடு, அப்படிச் சொன்னபோது தாங்க முடியாததாக இருந்தது. நான் கடைசி வரிசைக்குக் கேட்காதே என்று வாயைத் திறந்து, மூடிக்கொண்டேன். இருநூறு பேர் உட்காருகிற இடம்தான். கேட்கிறவர்கள் இன்னும் கொஞ்சம் கூர்ந்து கேட்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

இன்னொரு நாள் அவரே ஒரு கேள்வியோடு வந்தார். டைரீசியஸ் எச்சரித்துவிட்டுப் போன பிறகு கிரேயோன் நடுங்கிப்போய் என்ன செய்யட்டும் என்று கோரஸைக் கேட்கிறான். அவர்கள் முதலில் பெண்ணை விடுவிக்கச் சொல்கிறார்கள், பிறகு இறந்தவனுக்குச் சமாதி. கிரேயோன் தலைகீழாகச் செய்கிறான். முதலில் போய் பாலினைசிஸின் மிச்சத்தைக் கழுவி, எரித்து, மேடு எழுப்பிவிட்டு அதன் பிறகே குகைக்குப் போகிறான். அந்தத் தாமதத்தில்தான் எல்லாம் போகிறது. “ஏன் டீச்சர் அப்படி? பொணம் எங்க ஓடிடப் போவுது?” தெய்வக் குற்றம் பெரிதென்று நினைத்திருப்பான் என்று சொன்னேன். படித்தவர்களும் அப்படித்தான் விளக்குவார்கள். அவருக்கு ஒப்பவில்லை. இரண்டு நாள் கழித்துச் சொன்னார்: “செத்தவன் மூஞ்சியப் பாத்துடலாம். அந்தப் புள்ள மூஞ்சிய எப்படிப் பாக்குறது? அதான் தள்ளிப் போடுறான்.” அந்தக் காட்சியில் கிரேயோன் மேடையைவிட்டு ஓடும்போது, குகை இருக்கும் பக்கமாக இரண்டு அடி வைத்து, நின்று, எதிர்ப்பக்கமாகத் திரும்பி ஓடுவதாக அமைத்தோம். வசனம் எதுவும் சேர்க்கவில்லை.

புரட்டாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு பெண்களையும் சித்தன்னவாசலுக்குக் கூட்டிப்போனேன். புதுக்கோட்டைப் பக்கம், ஏழடிப்பட்டம் என்கிற குகை. சமணத் துறவிகள் உண்ணாநோன்பிருந்து உயிர்விட்ட இடம் என்பார்கள். பாறையைச் செதுக்கி மழமழவென்று படுக்கை, தலைப்பக்கம் தலையணைபோல மேடு. ஆன்டிகனி அதுவரை குகை என்றால் இருட்டு என்று நினைத்து விடைபெறும் பகுதியைப் பயந்து பேசிக்கொண்டிருந்தாள். அங்கே நல்ல காற்று, நல்ல வெளிச்சம், கீழே வெகுதூரம்வரை நிலம் தெரிந்தது. வெகுநேரம் அங்கேயே நின்றாள். திரும்பி வரும் பஸ்ஸில், “எல்லாம் தெரியுது, யாரும் இல்ல” என்றாள். அதற்குப் பிறகு அந்தப் பகுதியை நடுங்காமல் பேசினாள், புது வீட்டுக்குப் போகிறவள் அறைகளைப் பார்த்துச் சொல்வதுபோல. குகையை அவள் மணவறை என்றும் அழைப்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

மண் தூவும் காட்சி மேடைக்கு வராது. கிரேக்க நாடகத்தில் சாவும் சண்டையும் பெரும்பாலும் வெளியே நடக்கும். யாராவது வந்து சொல்வார்கள். காவலாளி வந்து சொல்கிறான். பிணத்துக்கு அவள் மூன்று முறை நீர் வார்த்ததாக அவன் வாயால்தான் தெரிகிறது. நம் ஊரில் குழிக்குள் மூன்று கைப்பிடி மண் போடுவோம். பெரும்பாலான வீடுகளில் பெண்கள் சுடுகாடுவரை வருவதில்லை. டெய்லர் காவலாளியாக அந்தச் செய்தியைச் சொல்லும்போது தன் கை தானாக மூன்று முறை மூடித் திறப்பதைக் கவனிக்கவில்லை. தப்பித்தோம் என்கிற ஆறுதல், பாவம் இந்தப் பெண் என்கிற வருத்தம் இரண்டையும் ஒரே மூச்சில் சொல்கிற பாத்திரம் அது. கூத்தில் கட்டியங்காரன் வந்தால் கூட்டம் எப்படி நிமிர்ந்து உட்காருமோ அப்படி அவர் வந்தால் உட்கார்ந்தார்கள். அவரைப் பற்றி எனக்குக் கவலையே இருந்ததில்லை.

கடைசிக் காட்சிதான் நவம்பர்வரை இழுத்தது. கிரேயோன் இறந்த மகனைக் கையில் ஏந்தி வருகிறான். மனைவியும் போய்விட்டாள் என்று தெரிகிறது. எங்கள் கிரேயோன் ஒவ்வொரு ஒத்திகையிலும் அங்கே விழுந்தார். சொல்லிக்கொடுக்காமலே, அழகாக, படியில் சரிந்து. எங்கிருந்து வருகிறது என்று யோசித்தேன். ‘பூம்புகார்’ படத்தையும் சிலப்பதிகாரத்தையும் கண்ணும் காதும் நிறைய வாங்கி வளர்ந்த தலைமுறை நாங்கள். தவறு தெரிந்த கணத்தில் பாண்டியன் அரியணையிலேயே உயிர்விடுவான். வளைந்த செங்கோலை உயிரைக் கொடுத்து நிமிர்த்துவான். அரசன் தவறினால் உடம்பு விழுந்துவிட வேண்டும் என்று நம் உடம்புக்கே தெரியும். கிரேயோனுக்கு அந்த விடுதலையை சோபாக்ளிஸ் தரவில்லை. சாவைக் கூப்பிடுகிறான், அது வரவில்லை. தொல்காப்பியம் அழுகைக்குச் சொல்லும் காரணங்களில் இழவு ஒன்று, அசைவு ஒன்று. அசைவு என்பது முன்பிருந்த நிலை கெட்டு வருந்துவது என்பார்கள் உரைகாரர்கள். இழவு அந்தப் பெண்ணோடு போய்விட்டது. இவன் மிச்ச நாளெல்லாம் அசைவில் இருக்க வேண்டியவன்.

“அண்ணே, விழாதீங்க. நில்லுங்க” என்று ஒரு மாதம் சொன்னேன். நிற்பது அவருக்கு விழுவதைவிடக் கஷ்டமாக இருந்தது. ஹேமோனாக நடித்த பையனைப் பொம்மை வைத்து மாற்றாமல் உண்மையிலேயே இரண்டு கையிலும் தூக்கி வரச் சொன்னோம். பணிமனையில் இரும்பு தூக்கிப் பழகிய கைதான். ஆனாலும் ஐந்து நிமிடத்தில் நடுங்கத் தொடங்கியது. நடுங்குகிற கையோடு வசனம் பேச வேண்டியிருந்ததால், அழுவதற்கு அவரிடம் மூச்சு மிஞ்சவில்லை.

இஸ்மினிக்கு ஒரு மனக்குறை இருந்தது. நாடகத்தின் நடுவோடு அவள் மறைந்துபோகிறாள். மூலத்தில் அதற்குப் பிறகு அவள் மேடைக்கு வருவதே இல்லை. ஆன்டிகனிகூட வம்சத்தில் மிஞ்சியவள் தான் ஒருத்தி என்பதுபோலப் பேசுகிறாள். “நான் எங்க போறேன் டீச்சர்?” என்று ஒவ்வொரு வாரமும் கேட்டாள். வெளியே அனுப்பாமல் மேடையின் வலது ஓரத்தில், கோரஸுக்குக் கீழே தரையில் உட்கார வைத்தேன். சோபாக்ளிஸ் சொல்லாத ஒன்றைச் செய்கிறோம் என்று தெரிந்தே செய்தோம். வசனம் கிடையாது. அக்காவின் விடைபெறல், டைரீசியஸ், செய்தி சொல்ல வருகிறவன், எல்லாவற்றையும் அவள் உட்கார்ந்து கேட்பாள்.

டிசம்பரில் ஒரு பள்ளிக்கூட மைதான மேடையில் முதல் நாள். பனி இறங்கத் தொடங்கியிருந்தது. ஜெனரேட்டர் சத்தத்தைக் குறைக்க அதை மைதானத்தின் கடைசி மூலைக்குத் தள்ளி வைத்திருந்தோம். ஒரு மணி இருபது நிமிடம். இஸ்மினியின் அந்த ஒரு சொல் வந்தபோது, முன்வரிசையில் வேட்டி கட்டிய ஒரு பெரியவர் “ஆமா” என்று முனகியது எனக்கு விங்கில் கேட்டது.

கடைசியில் கிரேயோன் மகனைத் தரையில் கிடத்திவிட்டு உள்ளே போகத் திரும்புகிறான். போகிற வழி வலது ஓரம். அங்கே அவள் உட்கார்ந்திருக்கிறாள். அவனை ‘மாமா’ என்று கூப்பிட உலகத்தில் மிச்சமிருக்கிற ஒரே பெண். அவர் அவள் முன்னால் வந்து நின்றார். ஒத்திகையில் மூன்று எண்ணும்வரை நிற்பதாகப் பேசியிருந்தோம். அன்றைக்கு அவர் அதைவிட வெகுநேரம் நின்றார். நடுங்குகிற கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் முன்னால் நீட்டியபடி நின்றார். அவள் தரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. கோரஸில் யாரும் மூச்சு இழுக்கவில்லை. பிறகு கண்டக்டர் இறங்கி வந்து, ஸ்டாப்பில் முதியவரை இறக்கிவிடுகிறவர்போல, அவருடைய முழங்கைக்குக் கீழே தாங்கி உள்ளே கூட்டிப்போனார்.